விஜயதசமியன்று ஒரு டபிள்யூ

போன வாரம் விஜயதசமியன்று, காலை பதினொன்றரை மணிக்கு, கல்கத்தாவின் மொத்தச் சாக்கடையையும் ஒரே விரலால் காணாமல் போக்கினேன்.

சிரிக்காதீர்கள். நிஜம். இடது கையில் சுண்டல் கிண்ணம், வலது கை கீபோர்டில். ஒரு எழுத்து, ஒரு என்டர்... போயே போச்சு.

முதலில் சாக்கடையின் சொந்தக்காரியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் மிதாலி. பவானிபூரில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ் வீடு. ஒரு கல்லூரியில் பதினொரு வருடமாகத் தற்காலிக லெக்சரர். டாக்டர் பட்டம் வாங்கினால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு – பழைய கல்கத்தாவின் சாக்கடைகளின் வரலாறு. எந்தத் தெருவில் எப்போது தோண்டினார்கள், தன் வீட்டு வாசல் வழியாகப் போகக் கூடாது என்று யார் யார் சண்டை போட்டார்கள், செங்கல் வைத்தார்களா, களிமண் குழாய் வைத்தார்களா... நான்கு வருட உழைப்பு. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். மழைக்காலத்தில் எங்கள் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது நாங்களெல்லாம் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இவள் மட்டும் அங்கேயே நின்று, தண்ணீர் எந்தப் பக்கமாக வடிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளிடம் கம்ப்யூட்டர் கிடையாது. எங்கள் வீட்டில் உண்டு. தினமும் மாலை ஆறு மணிக்கு மாடியேறி வந்துவிடுவாள். நான் பேங்கிலிருந்து வந்து காபி போடும் நேரத்தில், ஹாலில் டக் டக்கென்று சாக்கடை தோண்டும் சத்தம் கேட்கும். என்னை 'பௌதி' என்பாள். அண்ணி என்று அர்த்தம். என் கணவர் ரமணி அவளுக்கு 'ரமணிதா'. இந்த ஊரில் மாடி வீட்டில் குடியிருந்தால் போதும், அண்ணன் ஆகிவிடலாம்.

பூஜை விடுமுறை முடிந்து யுனிவர்சிட்டி திறந்ததும் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். ஏனென்றால் அவளுடைய கைடு அதற்கு அடுத்த மாதம் ரிட்டையர் ஆகிறார். அவர் போய்விட்டால் புது கைடு, புது ஆட்சேபணை, இன்னும் இரண்டு வருடம். தற்காலிக வேலை அதுவரை தாங்குமா? சந்தேகம்தான். அவள் பையில் வைத்திருந்த ஃபிளாப்பிகளெல்லாம் இந்த ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்து ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிவிட்டன. முதல் இரண்டு அத்தியாயங்கள் மட்டும் தாளில் இருந்தன. மற்றதெல்லாம் எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருந்தது... வேறு எங்கேயும் இல்லை.

இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்தக் கம்ப்யூட்டரில் கையை வைத்தேன்.

ஏன் வைத்தேன்? ரோஷம்!

சால்ட் லேக்கில், செக்டர் ஃபைவில், எங்கள் பேங்க் ஆட்களுக்கு மூன்று நாள் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. அங்கேதான், விண்டோஸுக்குப் பதிலாகப் போடலாம் என்று லினக்ஸ் பற்றிச் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாமாம். பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாமாம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அவருக்கும் ஒரு காப்பி கொடுக்கலாமாம். கொடுத்தால் போலீஸ் வராது, பாராட்டுவார்களாம்! எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. மிதாலியின் ஃபிளாப்பிகள் ஊரிலுள்ள வைரஸையெல்லாம் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தன; லினக்ஸுக்கு அந்தக் காய்ச்சலெல்லாம் வராது என்றும் சொன்னார்கள். கையைத் தூக்கி, "வீட்டில் நானே போட முடியுமா?" என்று கேட்டேன்.

வகுப்பெடுத்தவர் டை கட்டியிருந்தார். சிரித்தார்.

"போடலாம் மேடம். நடுவுல ஒரு ஸ்கிரீன் வரும். டிஸ்கைப் பிரிக்கறதுக்கு ஆட்டோமேட்டிக்கா, மேனுவலான்னு கேக்கும். லேடீஸ் எல்லாம் ஆட்டோமேட்டிக்கே எடுத்துக்குங்க. மேனுவல் கொஞ்சம் டேஞ்சர்."

எனக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் கிளையில் லாக்கர் அறையின் இரண்டு சாவிகளில் ஒன்று என் இடுப்பில் தொங்குகிறது. மேனேஜர் கூட என்னைக் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என்னிடம் வந்து டேஞ்சர் என்கிறார் இந்த டை. அங்கேயே, அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன் – மேனுவல்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் ரோஷக்காரியே தவிர அவசரக்காரி இல்லை. மிதாலியின் சாக்கடை ஓடுகிற டிஸ்கைத் தொடவே கூடாது என்று, லினக்ஸுக்காகத் தனியாக இன்னொரு டிஸ்க் வாங்கினேன். சாந்தினி மார்க்கெட்டில் கிடைத்தது. ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. பார்க்க முதல் டிஸ்க் மாதிரியே அச்சு அசலாக இருந்தது – அதே கம்பெனி, அதே அளவு. கடைக்காரரே வந்து மாட்டிக் கொடுத்தார். ஒரு பட்டை ஒயரில் இரண்டு முனைகள்; ஒன்றில் பழைய டிஸ்க், மற்றதில் புது டிஸ்க். எந்த முனையில் செருகியிருக்கிறதோ அதை வைத்துத்தான் முதல் டிஸ்க், இரண்டாம் டிஸ்க் என்று கம்ப்யூட்டர் கூப்பிடும். அதற்கு முகம் தெரியாது, இடம்தான் தெரியும். நான் ஒரு சீட்டில் 'புதுசு' என்று எழுதி இரண்டாவது டிஸ்கின் மேல் ஒட்டி, மூடியைப் போட்டு, திருகை முடுக்கினேன். இதைவிட ஜாக்கிரதையாக ஒரு மனுஷி இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

நாள் பார்த்ததும் நான்தான். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள விஜயதசமியை விட நல்ல நாள் உண்டா? தவிர, அன்று இந்த ஊரில் எல்லோரும் துர்க்கை பந்தலில் இருப்பார்கள். பேங்க் கிடையாது. மிதாலியும் டைப் அடிக்க வர மாட்டாள். ஒரு வாரம் முழுக்க, லினக்ஸ் சிடியோடு வந்த மேனுவல் புத்தகத்தைப் படித்து, சின்னச் சின்னச் சீட்டுகளில் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் சரஸ்வதி பூஜை. அன்றைய ஏற்பாடுகள் முழுக்க ரமணியின் இலாகா. வீட்டில் உள்ள அத்தனை இரும்பையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார். கத்தரிக்கோல், அரிவாள்மணை, ஸ்கூட்டர், இஸ்திரிப் பெட்டி, தையல் மெஷின்... ஒரு வருடம் என் மூக்குக் கண்ணாடிக்கு வைத்துவிட்டார். பேங்கில் எல்லோரும் சிவப்பாகத் தெரிந்தார்கள். நான் சமையலறையில் கொண்டைக்கடலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது கம்ப்யூட்டர் நெற்றியில் பொட்டோடு, கழுத்தில் ஒரு முழம் பூவோடு, மாப்பிள்ளைக் களையில் உட்கார்ந்திருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை. மறுபூஜை முடிந்தது. எங்கள் வீட்டில் விஜயதசமியன்று எல்லோரும் எதையாவது புதிதாகப் படித்து, எழுதியாக வேண்டும். எல்லோரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ரமணி ஒரு புது நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவே குங்குமம் வைத்து, பிள்ளையார் சுழி போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

ரமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர். தமிழில் பேசுவார், பெங்காலியில் கோபப்படுவார். கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருடமாக டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் மேல் என்ன எழுத்து, என்ன நம்பர் இருக்கிறதோ அதைப் பார்த்து அப்படியே தாளில் எழுத வேண்டும். அதுதான் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. ஒரு எழுத்தும் விட்டுப்போகக் கூடாது.

"விஜி, நான் என்னத்தை எழுதறது?"

"எதையாவது எழுதுங்களேன். போன வருஷம் என்ன எழுதினீங்க?"

"குக்கரோட கியாரண்டி கார்டு."

எனக்கோ மேனுவலில் முக்கியமான இடம். ஸ்கிரீனில் இரண்டாவது டிஸ்கின் பாகங்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். டிஸ்க் ஏற்கெனவே இரண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு துண்டும் எந்த சிலிண்டரில் ஆரம்பம், எதில் முடிவு, என்ன ரகம் என்று வரிசையாக நம்பர்கள். சிலிண்டர் என்றால் கேஸ் இல்லை. டிஸ்கைச் சுற்றிப் போட்ட வட்டங்களை அப்படிச் சொல்கிறார்கள். இவர் தொந்தரவு போனால் போதும் என்று, "இதோ, இதைப் பார்த்து எழுதுங்க. புதுசாத்தானே வேணும் உங்களுக்கு? இதை விட புதுசு இந்த பவானிபூர்லயே கிடையாது" என்றேன்.

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"விஜி, முதல் வரியில ஒரு நட்சத்திரம் போட்டிருக்கே, அது என்னது?"

"கம்ப்யூட்டரோட ஜென்ம நட்சத்திரம். அதையும் எழுதுங்க."

எழுதினார். எழுதி முடித்து, ஒருமுறை சரிபார்த்து, நோட்டை மூடி, பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

இப்போது மேடை என்னுடையது. டி என்று ஒரு எழுத்து – ஒரு துண்டு காலி. இன்னொரு டி – இன்னொன்றும் காலி. பிறகு என் விருப்பப்படி புதுத் துண்டுகள். எந்த மந்திரியும் மாநிலத்தைப் பிரிக்கும்போது கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். இதில் ஒரு நல்ல விஷயம், இதுவரை செய்ததெல்லாம் வெறும் பேச்சுத்தான். வேண்டாமென்றால் அப்படியே எழுந்து போய்விடலாம். டிஸ்கில் ஒன்றும் மாறியிருக்காது. கடைசியாக டபிள்யூ என்ற எழுத்தை அடித்தால்தான் பத்திரம் பதிவாகும்.

அடித்தேன்.

புதுப் பட்டியல் சரியாக ஏற வேண்டுமானால், டிஸ்கையே துடைத்தெடுக்கும் ஃபார்மேட்டைச் செய்வதற்கு முன் ஒருமுறை கம்ப்யூட்டரை அணைத்துப் போடவும் என்று ஸ்கிரீன் சொன்னது. மேனுவலும் அதையே சொல்லியிருந்தது. அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்தப் பேச்சைக் கேட்டது. சிடியை வெளியே எடுத்தேன். பழைய விண்டோஸ் எப்போதும் போல் எழுந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம் என்று ஸ்விட்சைப் போட்டேன்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரே வரி. ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை.

இல்லையா? நான்தான் முதல் டிஸ்கைத் தொடவே இல்லையே! மறுபடி அணைத்தேன், போட்டேன். இல்லை. இன்னொரு தடவை. இல்லை.

"என்னங்க..."

"ம்."

"நேத்திக்கு பூஜைக்கு இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சீங்களே... மேலதானே வச்சீங்க?"

பேப்பர் இறங்கியது. முகத்தில் ஒரு பெருமிதம். "மேல மட்டும் வச்சா பூஜையா? மூடியத் தொறந்து, உள்ள இருக்கற ரெண்டு பெட்டியையும் வெளிய எடுத்து, நல்லா ஒணந்த துணியால தொடச்சு, சந்தனம் வச்சு, தீபம் காட்டி, திரும்ப உள்ள வச்சேன். என்ன தூசி தெரியுமா? நீ ஒரு நாள் தொடச்சிருக்கியா?"

"என் சீட்டு? 'புதுசு'ன்னு ஒட்டியிருந்தேனே?"

"குங்குமம் வைக்கற எடத்துல ஒட்டியிருந்த. பிச்சுட்டேன்."

"திரும்ப வைக்கும்போது எதை எந்த முனையில செருகினீங்க?"

"அரே பாபா, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? எது எதுல போனா என்ன?"

என்னவா? சொல்கிறேன், என்னவென்று. இரண்டும் இடம் மாறிவிட்டன. நான் இரண்டாவது டிஸ்க் என்று நினைத்துத் துண்டு துண்டாக அழித்தது சாந்தினி மார்க்கெட் டிஸ்கை அல்ல. மிதாலியின் டிஸ்கை. அந்த நட்சத்திரக் குறி இருக்கிறதே, கம்ப்யூட்டர் எந்தத் துண்டிலிருந்து எழுந்து வருகிறதோ அதற்கு எதிரில்தான் அதைப் போடுவார்களாம். மேனுவலில் அதுவும் இருந்தது, நானும் படித்திருந்தேன். 'விண்டோஸ் இருக்கிற டிஸ்க் இது, கையை எடு' என்று அந்த நட்சத்திரம் கத்தியிருக்கிறது. நான் அதை வைத்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

ரமணியின் மேல் பாய்ந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் பாத்திரங்கள் பறந்திருக்க வேண்டும். ஆனால் நான் எழுந்து பால்கனிக்குப் போனேன்.

எதிர்ப் பந்தலில் டாக் மேளம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. துர்க்கையை வழியனுப்புவதற்கு முன்னால் சுமங்கலிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் குங்குமம் பூசி விளையாடும் நேரம். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவைக் கூட்டத்தின் நடுவே மிதாலி. நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் சிவப்பு. ஆடிக்கொண்டிருந்தாள்! நான்கு வருடத்தில் அவளை நான் நிமிர்ந்த முதுகோடு பார்த்ததே கிடையாது. மாலையில் வந்தால் கீபோர்டு மேல் கவிழ்ந்துவிடுவாள். அவள் தற்செயலாக மேலே பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

"பௌதீ! கீழே வாங்களேன்!"

நானும் கையை ஆட்டினேன். சிரிக்கக் கூட சிரித்தேன் என்று நினைக்கிறேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மேனுவலை எடுத்தேன். விபத்து நடந்தால் என்ன செய்வது என்று கடைசியில் ஒரு பகுதி இருந்தது. எந்த மேனுவலிலும் யாரும் அதை முன்கூட்டிப் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. இப்போது எழுத்தெழுத்தாகப் படித்தேன். அதில் போட்டிருந்தது இதுதான்: டபிள்யூ அடித்தால் டிஸ்கில் உள்ள விஷயங்கள் அழிவதில்லை. எந்தத் துண்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்ற பட்டியல் மட்டும்தான் மாறுகிறது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டால் அத்தியாயங்கள் உள்ளேதான் இருக்கும், இல்லையா? அது மாதிரி. ஃபார்மேட் மட்டும் செய்யாமலிருந்தால், பழைய நம்பர்களை அப்படியே திரும்பக் கொடுத்தால், எல்லாம் திரும்ப வந்துவிடும்.

ஃபார்மேட் செய்யவில்லை. ஆஹா!

பழைய நம்பர்கள்... உங்களிடம் இருக்கும் பட்சத்தில், என்று அடுத்த வரி.

என்னிடம் எங்கே இருக்கிறது? ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய சீட்டுகளில் நான் போடப்போகும் புதுத் துண்டுகளின் கணக்கு இருந்தது. அழிக்கப்போகும் பழைய துண்டுகளை யாராவது குறித்துவைப்பார்களா? ஒரு சிலிண்டர் தப்பினாலும் உதவாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கண்ணை மூடி, அந்த ஸ்கிரீனை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். சுண்டல்தான் வந்தது.

"விஜி, என்ன ஆச்சு? ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்க?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். மிதாலியின் தீசிஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் ரமணியின் முகம் வெளுத்தது. "ஹாய் ஹாய்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "அந்த நம்பர் தெரிஞ்சா போதுமா?" என்று கேட்டார்.

"போதும். ஆனா அது எப்படித் தெரியும்? காலைல ஸ்கிரீன்ல இருந்துதே, அது..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. அவருக்கு எனக்கு முன்பே உறைத்திருந்தது. பூஜை அலமாரிக்கு அவர் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐம்பத்தோரு வயதில், வேட்டி தடுக்க, ஒரு மனிதர் ஹாலில் அப்படி ஓடக் கூடாது.

நோட்டைப் பிரித்தோம். பிள்ளையார் சுழி. அதன் கீழ் கிடர்பூர் கையெழுத்தில், கட்டம் கட்டமாக, ஒரு புள்ளி விடாமல் முழு ஸ்கிரீன். தலைப்பு வரி கூட இருந்தது. நட்சத்திரம் இருந்தது. துண்டின் ரகத்தைக் குறிக்கும் ஒற்றை எழுத்து இருந்தது. நான் அடித்த கட்டளையைக் கூட எழுதி வைத்திருந்தார். முதல் துண்டு சிலிண்டர் ஒன்றில் ஆரம்பம். முடிவு...

முடிவின் மேல் குங்குமம்.

பக்கத்தின் நடுவே வைத்த ஈரக் குங்குமம், நோட்டை மூடியதும் இழுபட்டு, சரியாக அந்த நம்பரின் மேல் படிந்து காய்ந்திருந்தது. முதலில் ஒரு மூன்று மாதிரி தெரிந்தது. அதற்கப்புறம் செவ்வாய் கிரகம்தான். வெளிச்சத்தில் பிடித்தோம். பின்பக்கமாகப் பார்த்தோம். ரமணி நகத்தால் சுரண்டப் போனார், கையைத் தட்டிவிட்டேன்.

"நீங்க வச்ச குங்குமம் என்னைக்காவது ஒரு தடவை நமக்கு ஒத்தாசை பண்ணுமா?" என்று அப்போதுதான் முதல்முறையாகக் கத்தினேன். கத்தியதும் மூளை கொஞ்சம் தெளிந்தது. இரண்டாவது வரியைப் பார்த்தேன். இரண்டாவது துண்டு ஆரம்பிக்கும் இடம் பளிச்சென்று இருந்தது: முந்நூற்றுப் பத்தொன்பது. முடிவு: ஐந்நூற்று இருபத்து மூன்று. இரண்டாவது முந்நூற்றுப் பத்தொன்பதில் ஆரம்பித்தால், முதலாவது எங்கே முடிந்திருக்க வேண்டும்? நடுவில் இடைவெளி விட்டுப் பிரிக்க இதென்ன வீட்டு மனையா? முந்நூற்றுப் பதினெட்டு!

உட்கார்ந்தேன். சிடியை மறுபடி போட்டேன். ரமணி ஒவ்வொரு நம்பராக வாசித்தார். நான் அடித்தேன். அடித்ததை நான் வாசித்தேன், அவர் நோட்டில் டிக் போட்டார். ரகத்தைக் கொடுத்தேன். நட்சத்திரத்தைக் கொடுத்தேன். காலையில் ஒரு விரலால் அலட்சியமாக அடித்த டபிள்யூவை இப்போது அடிக்க மனம் வரவில்லை.

"ராகு காலம் இருக்கா?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். என் வாயால்.

"முடிஞ்சிருச்சு. அடி."

அடித்தேன். அணைத்தோம். மூடியைத் திறந்து டிஸ்குகளை இடம் மாற்றிச் செருகினோம். சந்தனம் இரண்டிலும் காய்ந்திருந்தது. ஸ்விட்சைப் போட்டபோது இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இருபது வருடத்தில் கடைசியாக எப்போது பிடித்தோம் என்று ஞாபகமில்லை. விண்டோஸ் எழுந்தது. மிதாலியின் ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஃபைல் இருந்தது. திறந்தேன். பழைய கல்கத்தாவின் சாக்கடைகள், முதல் பக்கத்திலிருந்து, எந்த அடைப்பும் இல்லாமல் ஓடின.

மணி ஒன்றே கால்.

ரமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிதாலிகிட்ட ஒண்ணும் சொல்லாத. வந்துருச்சுல்ல? எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். எனக்கும் அதே ஆசைதான். பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியில் எழுதினால் கூட அவளுக்குத் தெரியப்போவதில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உங்கள் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அப்படி நினைத்துப் பார்த்தபோதுதான் ஒரு மாதிரி அசிங்கமாக இருந்தது. வாராவாரம் என் முட்டாள்தனங்களை முன்பின் தெரியாத உங்களிடம் அவிழ்த்துக் கொட்டுகிறேன். சம்பந்தப்பட்டவளிடம் சொல்ல மட்டும் வாய் வராதா?

மூன்று மணிக்கு அவளே வந்தாள். முகம் கழுவியும் போகாத சிவப்பு. கையில் தட்டு, தட்டில் தேங்காய் உருண்டை. "சுபோ பிஜோயா, பௌதி" என்று விஜயதசமி வாழ்த்துச் சொல்லிக் காலைத் தொட வந்தாள். தடுத்து உட்கார வைத்தேன். பெங்காலியில், எனக்குத் தெரிந்த அரைகுறை இலக்கணத்தில், ஆதியோடந்தமாகச் சொன்னேன். டையில் ஆரம்பித்துக் குங்குமம் வரை. ரமணி கதவருகே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?"

"பதினொண்ணரையிலேர்ந்து ஒண்ணே கால் வரைக்கும்."

"அப்ப நான் டான்ஸ் ஆடிக்கிட்டிருந்தேன்." என்றாள். "நாலு வருஷத்துல முதல் தடவையா எனக்கு மனசு லேசா இருந்துச்சு, பௌதி. ஏன்னே தெரியலைன்னு இவர்கிட்ட கூடச் சொன்னேன்." இவர் என்றது அவள் கணவரை.

சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். தட்டை மேஜையில் வைக்கப் போனாள். அது கடகடவென்று ஆடி, ஒரு உருண்டை தரையில் உருண்டது. அதை அவள் எடுக்கவில்லை. நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய் உட்கார்ந்தாள்.

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பக்கமாக. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். நான் டீ வைத்தேன், ஆறிப்போனது. கீழே துர்க்கையை லாரியில் ஏற்றினார்கள். வருடா வருடம் ஆற்றங்கரை வரை லாரியோடு போகிறவள், அன்று ஜன்னல் பக்கம் கூடத் திரும்பவில்லை. அவள் கணவர் கீழிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார். 'வரலை' என்று கையைக் காட்டினாள். மேளச் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது. நான் சோபாவில் உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே நான்கு தடவை கேட்டாகிவிட்டது. ஐந்தாவதைக் கேட்டால் அவளுக்குத்தான் தொந்தரவு.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஃபைலின் ஆரம்பத்துக்குப் போய், நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து, ஏதோ டைப் அடித்தாள். எழுந்து, என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, கீழே போனாள்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? போய்ப் பார்த்தேன். கைடுக்கு நன்றி, நூலகங்களுக்கு நன்றி, மாமியாருக்கு நன்றி. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு புது வரிகள்.

'மாடி வீட்டு ரமணிதாவுக்கு, அவர் எழுதியதற்காக.

விஜி பௌதிக்கு, அவர் செய்யாமல் விட்டதற்காக.'

இருபது வருட பேங்க் சர்வீஸில் என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் ரிப்போர்ட் எழுதியதில்லை.